பலகையை அறுக்கும் முன் பாதையை வரையுங்கள்!

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் அத்தாவின் பெட்டியிலோ மாமாவின் பெட்டியிலோ மிட்டாய், சோப்பு, சென்ட் ஆகியவற்றோடு ஒரு பொம்மை ரயிலும் வந்திறங்கிய வீடுகள் நம்மிடையே பல உண்டு. முதல் நாள் கூடத்துத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டுவார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெரியவர்களும் குனிந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் பத்து நாள் கழிந்தால் அந்த வட்டம் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். 'இன்னும் கொஞ்சம் தண்டவாளம் வேண்டும்; ஸ்டேஷன் கட்ட வேண்டும்; பாலம் கட்ட வேண்டும்' என்று கேட்பார்கள்.

வீண் செலவு தொடங்குவதும் அந்த இடத்தில்தான். வாங்கிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தச்சரிடம் சொல்லிச் செய்த மேசை நான்கு விரல் அகலம் குறைந்து போகிறது. பாலத்தின்மேல் இஞ்சின் ஏற மறுக்கிறது. முடிவில் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிவிடுகிறது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். ஒன்றைத் தன் கையால் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுந்த பிள்ளையின் ஆர்வமும் அதனோடு பரணுக்குப் போய்விடுகிறதே, அதுவே பெரிய இழப்பாகும்.

இந்த இழப்பைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டுத் தண்டவாளமும் வாங்குவதற்கு முன்பே, முழுப் பாதையையும் கணிப்பொறித் திரையில் வரைந்து பார்ப்பதுதான் அது. இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் சில இலவசமாகவே கிடைக்கின்றன.

துண்டுகளின் கணக்கு

பொம்மைத் தண்டவாளம் தச்சுவேலை போன்றதன்று. மரம் நீளமாக இருந்தால் அறுத்துக் கொள்ளலாம். தண்டவாளத் துண்டுகளோ தொழிற்சாலையிலேயே நீளமும் வளைவும் அறுதியிடப்பட்டு வருகின்றன. இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் துண்டுகளாகப் பொம்மைத் தண்டவாளத்தை அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி அளவுக் குடும்பம் அமைந்துவிட்டது.

பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனத்தை எடுத்துக் கொள்வோம். அதன் வளைவுத் துண்டுகள் 371, 438, 505, 572 மில்லிமீட்டர் ஆரங்களில் வருகின்றன. ஆரம் என்பது வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து தண்டவாளத்தின் நடுக்கோடு வரையுள்ள தூரம். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் தயாரிக்கும் சிறிய 'என்' அளவுத் தண்டவாளத்தில் 249, 282, 315, 348 என்ற ஆரங்கள் உள்ளன. அதன் நேர்த்துண்டு 248 மில்லிமீட்டர், அதில் பாதி 124, கால் 62. இந்த எண்களுக்குள் அடங்கித்தான் நம் கற்பனை ஓட வேண்டும். காகிதத்தில் கையால் போட்ட கோடு எவ்வளவு வேண்டுமானாலும் வளையும். உலோகத் துண்டு வளையாது. கையால் வரைந்த அழகான படங்கள் பல மேசைக்கு வந்ததும் தோற்றுப்போவது இதனால்தான்.

பாதை வரையும் மென்பொருள் இந்த அளவுகள் அனைத்தையும் தன் நினைவில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதன் துண்டுகள் யாவும் திரையின் ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை எடுத்து மற்றொன்றின் முனையில் வைத்தால் இரண்டும் கவ்விக் கொள்ளும். பொருந்தாவிட்டால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். முடிவில், எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற பட்டியலையும் அதுவே தந்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாற மாட்டார்.

எந்த மென்பொருள்?

'எக்ஸ்ட்ராக்கேட்' என்பது முதலில் விலைக்கு விற்கப்பட்டு, பின்னர் யாவருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். வரைந்து முடித்த பாதையில் திரையிலேயே ரயிலை ஓட்டிப் பார்க்கவும் இதில் வசதி உண்டு. பழகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

'ஸ்கார்ம்' என்பது பல்கேரியாவைச் சேர்ந்த மிலென் பீவ் உருவாக்கியது. வரைந்த பாதையை மேடு பள்ளத்தோடு முப்பரிமாணக் காட்சியாகக் காட்டும். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போவது இதுதான். நெதர்லாந்தில் உருவான 'எனிரெயில்' மிக எளிதாகப் பழகக்கூடியது. இவ்விரண்டிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைத் துண்டுகள் வரை இலவசம். பெரிய பாதைக்குக் கட்டணம் உண்டு. வீட்டு மேசைக்கு இலவச அளவே பெரும்பாலும் போதுமானது. பிரிட்டனின் மார்ட்டின் வின் எழுதிய 'டெம்ப்ளாட்' வேறு வகை. கட்டைக்குக் கட்டை தாமே ஒட்டித் தண்டவாளம் செய்யும் கைவினைஞர்களுக்கு அது உரியது.

புதியவர்கள் இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதையே முழுமையாகப் பழகுவது நல்லது. நான்கையும் அரைகுறையாகப் பழகுவதால் பயனில்லை.

சென்னை முதல் விழுப்புரம் வரை ஒரே கிலோமீட்டர்!

வரையத் தொடங்குமுன் அளவு விகிதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். உலகில் மிகுதியாகப் புழங்குபவை இரண்டு. ஒன்று 'எச்.ஓ.'. இது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். (ஹார்ன்பி தயாரிக்கும் 'ஓ.ஓ.' ரயில்கள் 76இல் ஒரு பங்கு. எனினும் ஓடுவது அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான்.) மற்றொன்று 'என்'. இது 160இல் ஒரு பங்கு. அகலம் 9 மில்லிமீட்டர்.

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 'என்' அளவில் அத்தனை தூரமும் சுருங்கி ஒரே ஒரு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 38 கிலோமீட்டர். அது 240 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். சுருங்கிய பின்னும் எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத தூரம்! ஆகவே உண்மையை அப்படியே சுருக்குவது நம் வேலையன்று. உண்மையிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதே நம் வேலை.

வளைவிலும் இதே நிலைதான். இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 'எச்.ஓ.' அளவில் சுருக்கினால் 2 மீட்டர் வருகிறது. வட்டமாகத் திரும்ப 4 மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும்! பொம்மைத் தண்டவாளத்தின் 438 மில்லிமீட்டர் வளைவு, உண்மை ரயில் கனவிலும் திரும்ப முடியாத வளைவாகும். இதைத் தெரிந்தே ஏற்றுக் கொள்கிறோம்.

ரயிலின் நீளத்தையும் கணக்கிட வேண்டும். நம் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல்லாண்டுகள் தயாரித்த நீல நிறப் பயணிகள் பெட்டி, முட்டுத்தாங்கிகள் உட்பட ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளமுடையது. 'எச்.ஓ.' அளவில் ஒரு பெட்டி 25.6 சென்டிமீட்டர், 'என்' அளவில் 14 சென்டிமீட்டர். 24 பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலை 'எச்.ஓ.'வில் கோத்தால் 6 மீட்டருக்கு மேல் நீளும். கூடத்துக்கு வெளியே திண்ணை வரை போய்விடும்!

கதவுப் பலகையில் விழுப்புரம்

வானூர் ஊருக்குள் இருப்புப்பாதை இல்லை. இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் விழுப்புரம், திண்டிவனம் அல்லது புதுச்சேரிதான். இவற்றுள் மாதிரி செய்வதற்கு மிகவும் ஏற்றது விழுப்புரம் சந்திப்பு. செங்கல்பட்டு, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளுக்கு அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. புதுச்சேரிக் கிளை 1879இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2004இல் அகலப் பாதையாக மாறியது. இந்தியாவில் மீட்டர் பாதையில் மின்சார ரயில்கள் ஓடியது சென்னைக் கடற்கரைக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மட்டுமே என்பதும் இவ்வூருக்குள்ள தனிப்பெருமை.

ஐந்து திசைகளையும் ஒரு மேசையில் அடக்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசைக்கு எல்லை எது என்பதைத் திரை நமக்குக் காட்டும். வீடுகளில் எளிதில் கிடைக்கும் பலகை, பயன்படாமல் கிடக்கும் ஒரு ப்ளஷ் கதவு. ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதாவது 198 சென்டிமீட்டருக்கு 76 சென்டிமீட்டர். மென்பொருளில் முதலில் இந்தப் பலகையை வரைந்து கொள்ளுங்கள்.

இதில் 'எச்.ஓ.' ரயில் திரும்புமா? 438 ஆரத்தில் முழு வட்டத்தின் விட்டம் 876 மில்லிமீட்டர். பலகைக்கு வெளியே போய்விடுகிறது. மிகச் சிறிய 371 ஆரத்தில் விட்டம் 742. பலகையின் அகலமோ 762. 'அடங்கிவிட்டதே' என்று மகிழ வேண்டாம். 742 என்பது நடுக்கோட்டின் கணக்கு. இருபுறமும் கட்டைகளின் பாதி அகலத்தைச் சேர்த்தால் 77 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். கட்டைகள் பலகைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பெட்டிகள் அதற்கும் வெளியே தொங்கும். தச்சரிடம் போன பின் தெரிய வேண்டிய இச்செய்தி, திரையில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

'என்' அளவுக்கு மாறுங்கள். கேட்டோவின் 282 ஆரத்தில் விட்டம் 564 மில்லிமீட்டர். ஓரத்தில் 35 மில்லிமீட்டர் விட்டாலும் வசதியாக அமைகிறது. இரு முனைகளிலும் அரைவட்டம் போக, நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 134 சென்டிமீட்டர் நேர்ப்பாதை கிடைக்கிறது. விழுப்புரம் ஸ்டேஷன் அமைய வேண்டிய இடம் அதுதான்.

இப்போது ஒரு லூப் லைன் போடுவோம். ரயில் பிரிந்து செல்லும் பாயிண்ட் ஒன்றின் நீளம் 186 மில்லிமீட்டர். பிரிந்த பாதை மீண்டும் முதற்பாதைக்கு இணையாகத் திரும்ப, அதே நீளத்தில் இன்னொரு வளைவு வேண்டும். இரு முனைகளுக்கும் சேர்த்து 74 சென்டிமீட்டர் இதற்கே போய்விடுகிறது! நடுவில் முழுமையாக இணையாக ஓடுவது 60 சென்டிமீட்டர் மட்டுமே. இணை வளைவின்மேல் இடிபடாமல் நிற்கக்கூடிய பகுதியையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தேறும். ஓர் இஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்தால் 82 சென்டிமீட்டர், நிற்கலாம். ஆறாவது பெட்டியைக் கோத்தால் 96 சென்டிமீட்டர். அதன் வால் பக்கத்துப் பாதையில் வரும் ரயிலை உரசும். உண்மை ரயில்வேயிலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் பாதைகள் கூடுமிடத்தில், இதற்கு மேல் வண்டி நிற்கக் கூடாது என்று எல்லைக்குறி நட்டு வைக்கிறார்கள்.

ஆக, நம் விழுப்புரத்தில் ஐந்து பெட்டி ரயில்தான். ஐந்து திசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, புதுச்சேரிக் கிளையைப் பலகையின் பின்பக்கத்தில் ஒரு முனையமாக முடிக்கலாம். வழியில் ஒரு சிறு நிறுத்தத்துக்கு இடம் இருந்தால், 'வானூர்' என்ற பெயர்ப்பலகையைப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதி நடட்டுமே! மெய்யில் இல்லாத நிறுத்தம் மேசையில் இருப்பதால் யாருக்கும் குறைவில்லை.

பழைய விழுப்புரத்தை விரும்புவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கு அகலப் பாதையும் மீட்டர் பாதையும் அருகருகே இருந்தன. 'எச்.ஓ.' விகிதத்தில் மீட்டர் பாதைக்கென 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனைக்கு உண்டு. அதை 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின் பக்கத்தில் வரைந்தால் அக்காலத்துச் சந்திப்பு கண்முன் வரும். நம் நாட்டு அகலப் பாதையான 1676 மில்லிமீட்டரைச் சரியாகச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5 தான். இந்தச் சிறு குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இவ்வளவையும் அமைக்கக் கதவுப் பலகை போதாது. ஓர் அறை வேண்டும்.

பாலத்தின் விலை

பிள்ளைகள் அனைவரும் கேட்பது பாலம். ஒரு ரயில் கீழே போக, மற்றொன்று அதன்மேல் போக வேண்டும் என்பார்கள். 'என்' அளவில் மேல் தண்டவாளம் கீழ்த் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு சரிவில் ஏறுவது? மும்பைக்கும் பூனாவுக்கும் இடையிலுள்ள போர்க் கணவாயில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கேயே ரயிலைப் பின்னாலிருந்து தள்ள வேறு இஞ்சின்கள் வேண்டியிருக்கின்றன. நீலகிரி மலை ரயில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. ஆனால் அது பற்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் ரயில்.

பொம்மை ரயிலுக்கு 40க்கு ஒன்று என்று வைத்துக் கொள்வோம். 5 சென்டிமீட்டர் ஏற 2 மீட்டர் பாதை வேண்டும். இறங்க இன்னொரு 2 மீட்டர். நம் கதவுப் பலகையில் முழுச் சுற்றின் நீளமே ஏறத்தாழ 4.5 மீட்டர்தான். பாலம் ஒன்று கட்டினால் சுற்று முழுவதும் ஏற்றமும் இறக்கமுமாகப் போய்விடும்; ஸ்டேஷனுக்குச் சமதளம் மிஞ்சாது. சரிவான தளத்தில் நிறுத்திய பெட்டிகள் தாமே உருண்டு ஓடும். ஸ்கார்ம் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு முனைக்கும் உயரத்தைக் குறித்தால், சரிவு எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும். அதைப் பார்த்த பிள்ளை பாலத்தை வேண்டாமெனத் தானே விட்டுவிடும். அல்லது பெரிய பலகைக்குக் காத்திருக்கும். நீங்கள் மறுத்தால் வருத்தம் கொள்ளும் பிள்ளை, கணக்கு மறுத்தால் ஏற்றுக் கொள்வதைப் பார்க்கலாம்.

இடது வலது மாறினால்

மற்றொரு பொறி மின்சாரத்தில் இருக்கிறது. பொம்மை ரயிலின் இரு தண்டவாளங்களும் இரு மின்கம்பிகள் போன்றவை. ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. ரயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும் கொண்டை ஊசி போன்ற சுழலை அமைத்தால், சுற்றி வந்த இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேரும். உடனே ஷார்ட் ஆகும். எந்தப் பாதை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வரைபடத்தில் இரு நிறக் கோடுகளால் தொடர்ந்து சென்றால் இச்சிக்கலை முன்பே காணலாம். அந்த இடத்தில் இரு தண்டவாளங்களையும் பிளாஸ்டிக் இணைப்பால் பிரித்து, அந்தப் பகுதிக்குத் தனி சுவிட்ச் வைக்க வேண்டும். சாதாரண நீள்வட்டத்தில் இத்தொல்லை இல்லை. தொடக்கத்துக்கு அதுவே நலம்.

கணிப்பொறிக்குத் தெரியாதவை

இவ்வளவு சொன்னாலும் மென்பொருளை முற்றும் நம்பிவிடக் கூடாது. அதற்குத் தெரியாத செய்திகள் பல உண்டு.

நம் கை எட்டும் தூரம் அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்கே முக்கால் மீட்டருக்கு மேல் எட்டுவது கடினம். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் குறைவு. சுவரோரம் கவிழ்ந்த பெட்டியை எடுக்க முடியாவிட்டால் விளையாட்டு அத்தோடு நின்றுவிடும். அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், பீரோவின் கதவுக்கு இடம் உண்டா, விருந்தினர் வந்தால் பலகையை எங்கே நிமிர்த்தி வைப்பது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. ஆகவே அறையை அளக்கும்போது அவர்களையும் கேட்டுக் கொள்வது அறிவுடைமை.

நம் ஊர்க் காற்றும் அதற்குத் தெரியாது. கடலுக்கு அருகிலுள்ள வட்டாரம் இது. இரும்புத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும்; நிக்கல் சில்வர் என்ற கலவை உலோகத்தாலான தண்டவாளமே தாங்கும். மழைக்காலத்தில் மரப்பலகை ஊதும், கோடையில் சுருங்கும். எல்லாத் துண்டுகளையும் இடைவெளியின்றி இறுக்கிவிட்டால் பாதை நெளிந்துவிடும். ஆங்காங்கே ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும்.

மேலும் ஓர் எச்சரிக்கை. திரையில் வரைவது எளிது. அழிப்பது அதைவிட எளிது. மாதக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்து, ஒரு துண்டும் பூட்டாமல் போகிறவர்கள் உண்டு. வரைவதற்கு ஒரு மாதம் என்று தவணை வைத்துக் கொள்ளுங்கள். அது முடிந்ததும் பலகையில் கை வைத்துவிட வேண்டும்.

தாளில் பதித்துப் பாருங்கள்

வரைபடம் முடிந்ததும் அதை உண்மை அளவிலேயே அச்சிட முடியும். கதவுப் பலகைக்கு 'ஏ-4' தாள்கள் முப்பது நாற்பது தேவைப்படும். அவற்றை ஒட்டிப் பலகையின்மேல் விரித்து, பெட்டிகளை வைத்துத் தள்ளிப் பாருங்கள். அச்சிடும்போது தாளுக்கேற்பச் சுருக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நூற்றுக்கு நூறு அளவில் அச்சிட வேண்டும். முதல் தாளில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் பதித்து ஸ்கேலால் அளந்து சரிபார்த்த பிறகே மற்றத் தாள்களை அச்சிடுங்கள்.

கணிப்பொறி இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டியதில்லை. கணிப்பொறி வீடுகளுக்கு வருமுன்பே, 1963இல் அமெரிக்கரான ஜான் ஆம்ஸ்ட்ராங் பாதை வரைவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சதுரங்களால் கணிக்கும் எளிய வழி ஒன்றை அவர் பரப்பினார். வளைவின் ஆரத்தோடு, அடுத்தடுத்த இரு பாதைகளுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கைக் கூட்ட வேண்டும். அதுவே ஒரு சதுரத்தின் பக்கம். ரயில் முழுவதுமாகத் திரும்ப அகலத்தில் இரண்டு சதுரம் வேண்டும். கேட்டோவின் 282 ஆரத்தோடு 33இன் இரு மடங்கான 66ஐக் கூட்டினால் 348. நம் பலகையின் அகலத்தில் இது இரண்டு முறை அடங்குகிறது. ஹார்ன்பியின் 438 ஆரத்தோடு 67இன் இரு மடங்கான 134ஐக் கூட்டினால் 572. இது ஒருமுறைதான் அடங்கும். முன்பு திரையில் கண்ட அதே முடிவு, பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் கொண்டே கிடைத்துவிட்டது!

விளையாட்டில் விளைந்த கல்வி

'படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகத்தைத் தொடங்கினார்கள். மேசையின்மேல் ரயில் ஓடியது. மேசையின் அடியிலோ தொலைபேசித் துறையில் புழங்கிய ரிலேக்களைக் கொண்டு பாயிண்ட்டுகளையும் மின்னோட்டத்தையும் ஆளும் பெரிய அமைப்பை அவர்கள் பின்னினார்கள். 'இந்தப் பாதை திறந்தால் அந்தப் பாதை மூட வேண்டும்' என்ற தர்க்கத்தில் ஊறிய அம்மாணவர்கள், கல்லூரிக்குக் கணிப்பொறி வந்தபோது இரவு பகலாக அதைச் சூழ்ந்து கொண்டார்கள். 1962இல் தொடக்ககாலக் கணிப்பொறி விளையாட்டுகளுள் ஒன்றான 'ஸ்பேஸ்வார்' அவர்களிடையேதான் பிறந்தது. 'ஹேக்கர்' என்ற சொல்லே அக்கழகத்தின் பேச்சுவழக்கிலிருந்து கணிப்பொறி உலகுக்குப் பரவியது. அன்று பொம்மை ரயிலிலிருந்து கணிப்பொறிக்குச் சென்றார்கள். இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறியிலிருந்து பொம்மை ரயிலுக்கு வருகிறார்கள்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு இடமுண்டு. பூனாவின் கோத்ருட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாக அமைத்த சிறு ரயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஒரு நகரமே அங்கு மேசைமேல் இயங்குகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' உலகிலேயே மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பாகும். அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை, சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்றாலே உண்மை இஞ்சின்களையும் பெட்டிகளையும் தொட்டுப் பார்க்கலாம், அளந்தும் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் விகிதம், ஆரம், விட்டம், சரிவு, மின்சுற்று என்று தனித்தனியாகப் படிக்கும் பாடங்கள் ஒரு கதவுப் பலகையின்மேல் ஒன்றுகூடுகின்றன. மகனுக்கு மட்டும் உரிய விளையாட்டு இது என்று எண்ணிவிடாதீர்கள். மகளிடமும் மவுஸைக் கொடுங்கள். சென்டிமீட்டருக்குள் ஒரு ஸ்டேஷனை அடக்கும் திறமை ஆண்பிள்ளைக்கு மட்டும் வாய்ப்பதன்று.

ஆகவே, அடுத்த முறை வெளிநாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியில் 'பிள்ளைகளுக்கு என்ன வாங்கி வர?' என்று கேட்டால், உடனே விடை சொல்லிவிடாதீர்கள். ஒரு மாத அவகாசம் கேளுங்கள். அளவுநாடாவை எடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து அறையை அளந்து, பலகையை முடிவு செய்து, பாதையை வரைந்து, மென்பொருள் தரும் பட்டியலை அவருக்கு அனுப்பி வையுங்கள். 'நேர்த்துண்டு இத்தனை, வளைவு இத்தனை, பாயிண்ட் இரண்டு' என்று எழுதி அனுப்பினால், அவர் வாங்கி வரும் துண்டுகளில் ஒன்றுகூடப் பரணுக்குப் போகாது.